கோபி அதிகம் ஷாட் போட்டால் லேக்கர்ஸ் தோற்றதா? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

கூடைப்பந்து ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டை வராமல் இருக்காது. "ஒருத்தனே எல்லா ஷாட்டையும் போட்டால் டீம் எப்படி ஜெயிக்கும்?" என்பார் ஒருவர். "அவன் போடாவிட்டால் வேறு யார் போடுவது?" என்பார் மற்றவர். இரண்டு பேருமே நினைவில் நிற்கும் நாலு ஆட்டங்களை வைத்துத்தான் பேசுவார்கள். ஒரு முழு சீசனையே எடுத்துப் பார்ப்பது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. எக்ஸெல் அல்லது கூகுள் ஷீட்ஸ் போதும், புள்ளியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

நாம் எடுக்கப்போவது அமெரிக்காவின் என்பிஏ லீகில் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்கு ஆடிய கோபி பிரையன்டின் 2005-06 சீசன். அணியின் இன்னொரு நட்சத்திரமான ஷகீல் ஓநீல் 2004இல் மயாமி அணிக்குப் போய்விட்டார். லமார் ஓடமை விட்டால் எதிரணி பயப்படும்படி லேக்கர்ஸில் வேறு ஆள் இல்லை. கோபி 80 ஆட்டங்களில் 2,173 ஷாட் போட்டார் (உள்ளே விழுந்ததும் விழாததும் சேர்த்து), அதாவது ஆட்டத்துக்கு 27.2. சராசரிப் புள்ளி 35.4. அணி 45 ஆட்டம் ஜெயித்து 37 தோற்றது. வெற்றியும் தோல்வியும் போதுமான அளவு இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல சீசன்.

படி 1: தரவை எடுங்கள்

பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் கோபியின் பக்கத்துக்குப் போய் அந்த சீசனின் கேம் லாக்கை (ஆட்டவாரிப் பட்டியல்) திறந்து, அட்டவணையை ஷீட்டில் ஒட்டுங்கள். தேதி, எதிரணி, முடிவு, இரு அணிகளின் ஸ்கோர், ஆடிய நிமிடம், போட்ட ஷாட் (FGA), போட்ட ஃப்ரீ த்ரோ (FTA, ஃபவுலுக்காகத் தடுப்பவர் இல்லாமல் போடும் எறிதல்), புள்ளி ஆகியவை போதும். அவர் ஆடாத 2 ஆட்டங்களை நீக்கிவிடுங்கள். புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்து, லேக்கர்ஸ் ஸ்கோரிலிருந்து எதிரணி ஸ்கோரைக் கழித்துப் போடுங்கள். இதுதான் வித்தியாசம்.

ஒன்றைக் கவனியுங்கள். ஷாட் போடும்போது ஃபவுல் ஆகி, பந்தும் உள்ளே போகாவிட்டால் அது ஷாட் கணக்கில் வராது, ஃப்ரீ த்ரோ மட்டும்தான் வரும். அதனால்தான் ஃப்ரீ த்ரோ நெடுவரிசையும் வேண்டும்.

படி 2: மூன்று கூறாகப் பிரியுங்கள்

25க்குக் கீழ், 25 முதல் 30 வரை, 30க்கு மேல் என்று ஷாட் எண்ணிக்கையை வைத்துப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெற்றி சதவீதம் பாருங்கள். பக்கத்திலேயே எத்தனை ஆட்டம் என்றும் எழுதிவையுங்கள். 10 ஆட்டம் உள்ள கூறில் ஒரே ஒரு முடிவு மாறினாலும் 10 சதவீதம் ஏறி இறங்கும்.

இத்தோடு நிறுத்திவிட்டு வாதாடக் கிளம்புபவர்கள்தான் அதிகம். ஆனால் விஷயமே இதற்கு அப்புறம்தான் இருக்கிறது.

படி 3: அந்த ஷாட்டுகள் ஏன் போடப்பட்டன?

2005 டிசம்பர் 20 அன்று டல்லாஸுக்கு எதிராக கோபி மூன்று குவார்ட்டரில் 62 புள்ளி எடுத்தார். அப்போது டல்லாஸ் அணி மொத்தமும் சேர்ந்து எடுத்திருந்தது 61. ஆட்டம் கையில் இருந்ததால் நான்காவது குவார்ட்டரில் அவர் இறங்கவே இல்லை. எண்ணிக்கை 31இல் நின்றது. நெருக்கமான ஆட்டமாக இருந்திருந்தால் 40ஐத் தொட்டிருக்கும்.

2006 ஜனவரி 22 இதற்கு நேர் எதிர். டொராண்டோவுக்கு எதிராகப் பாதி ஆட்டத்தில் லேக்கர்ஸ் 14 புள்ளி பின்தங்கியிருந்தது. இரண்டாம் பாதியில் மட்டும் கோபி 55 புள்ளி அடித்தார். மொத்தம் 46 ஷாட், 81 புள்ளி, 122-104 என்று வெற்றி.

ஸ்கோர் நிலவரம்தான் பல சமயம் ஷாட் எண்ணிக்கையை முடிவு செய்கிறது. அணி பின்தங்கினால் நட்சத்திரம் அதிகம் போடுவார், முன்னால் இருந்தால் உட்கார்ந்துவிடுவார். எனவே 'அதிக ஷாட், அதிகத் தோல்வி' என்று உங்கள் ஷீட் காட்டினாலும், ஷாட்டால் தோல்வி வந்ததா, தோற்றுக்கொண்டிருந்ததால் ஷாட் கூடியதா என்று அது சொல்லாது.

இதைச் சரிசெய்ய எளிய வழி, ஷாட்டை நிமிடத்தால் வகுத்து 36ஆல் பெருக்குவது, அதாவது 36 நிமிடத்துக்கு எத்தனை ஷாட் என்று பார்ப்பது. கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டங்களின் சிக்கலும் இதில் தீரும். இன்னும் நல்ல வழி, முதல் பாதியில் போட்ட ஷாட்டை மட்டும் எண்ணுவது. ஒவ்வொரு ஆட்டத்தின் பக்கத்தையும் தனித்தனியாகத் திறக்க வேண்டும், அலுப்பான வேலைதான். ஆனால் ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் என்றால் இதைச் செய்யுங்கள்.

படி 4: திறனைக் கணக்கிடுங்கள்

போட்ட ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44ஆல் பெருக்கி ஷாட்டோடு கூட்டுங்கள். அதை இரட்டிப்பாக்கி, எடுத்த புள்ளியை அதனால் வகுங்கள். இதை ட்ரூ ஷூட்டிங் என்பார்கள், எண் கூடினால் திறன் கூடுதல். 81 புள்ளி ஆட்டத்தில் 46 ஷாட், 20 ஃப்ரீ த்ரோ. 46 + 8.8 = 54.8, இரட்டிப்பு 109.6. விடை 0.739. அந்த சீசன் முழுதுக்கும் அவருடைய எண் 0.559. அவருடைய கடைசி ஆட்டம், 2016இல் 50 ஷாட்டில் 60 புள்ளி எடுத்தாரே, அதற்கு 0.543தான்.

2010 இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் 24 ஷாட்டில் 6 மட்டுமே விழுந்தது. ட்ரூ ஷூட்டிங் 0.376. ஆனாலும் லேக்கர்ஸ் பாஸ்டனை 83-79 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. கோபி அன்று 15 ரீபவுண்ட் (விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார், நம் சூத்திரத்தில் அதற்கு இடமே இல்லை.

படி 5: தொடர்பைப் பாருங்கள்

ஷீட்டில் கோரல் (CORREL) என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஷாட் நெடுவரிசையையும் வித்தியாச நெடுவரிசையையும் கொடுத்தால் -1க்கும் 1க்கும் நடுவே ஓர் எண் வரும். 80 ஆட்டத்துக்கு அது 0.22க்கும் -0.22க்கும் இடையில் இருந்தால் தற்செயலாகவே வந்திருக்கலாம், அதை வைத்துச் சண்டை போடாதீர்கள். அப்புறம், ட்ரூ ஷூட்டிங்கை வித்தியாசத்தோடு பொருத்தினால் தொடர்பு பலமாக வந்தாலும் அசந்துபோக வேண்டாம். அவர் புள்ளியும் அணியின் ஸ்கோரில் சேர்த்திதானே!

படி 6: சீசனோடு சீசனை ஒப்பிடும் ஆசையை அடக்குங்கள்

பழைய என்பிஏ நட்சத்திரம் வில்ட் சேம்பர்லின் 1961-62இல் ஆட்டத்துக்கு 39.5 ஷாட் போட்டார், அணி 49 வெற்றி, 31 தோல்வி. 1966-67இல் வேறு அணியில் வெறும் 14.2 ஷாட், அணி 68 வெற்றி, 13 தோல்வி, சாம்பியன் பட்டமும் கிடைத்தது. வாதத்துக்கு அருமையான சான்று போலத் தெரியும். ஆனால் இரண்டாவது அணியில் ஹால் கிரீர், செட் வாக்கர், பில்லி கன்னிங்ஹாம் மூவரும் இருந்தார்கள். ஷாட் குறைந்ததோடு கூட ஆடுபவர்களும் மாறிவிட்டார்கள். எதனால் ஜெயித்தார்கள் என்று இந்த எண்களிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

படி 7: மற்றவர்களின் கணக்கு

கோபி போடாத ஷாட் காணாமல் போவதில்லை. அணியில் கூட ஆடிய ஸ்மஷ் பார்க்கரோ குவாமி பிரவுனோ அதைப் போடுவார்கள். அதே தளத்தில் லேக்கர்ஸ் அணியின் கேம் லாக்கும் இருக்கிறது. அணியின் மொத்தப் புள்ளி, ஷாட், ஃப்ரீ த்ரோவிலிருந்து கோபியுடையதைக் கழித்து, மிச்சத்துக்கு படி 4இன் கணக்கைப் போடுங்கள். பிறகு, மற்றவர்களின் எண் கோபியின் எண்ணைவிட உயர்ந்திருந்த ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்து, அவற்றில் அவர் 30க்கு மேல் போட்டது எத்தனை, அதில் தோற்றது எத்தனை என்று எண்ணுங்கள். 'பந்தைத் தராமல் ஆடித் தோற்கடித்தார்' என்று சொல்ல வேண்டுமானால் அந்த வரிசைகளைக் காட்டித்தான் சொல்ல வேண்டும்.