குறைந்த கைமுதலில் கல்யாணப் படம் எடுக்கத் தொடங்குபவர்களுக்கு

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தக் கேமரா வாங்கலாம் என்பதுதான். கையில் இருக்கும் தொகை ஒரு லட்சத்துக்குள் என்றால் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தாலி கட்டும் நொடியை இன்னொரு முறை நடத்தச் சொல்ல யாராலும் முடியாது. ஆகவே, இருக்கும் பணம் முதலில் படம் தவறாமல் கிடைப்பதற்குப் போக வேண்டும்; அழகுக்கு வேண்டியதைச் சம்பாதித்துப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

கேமராவைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. நான் முதலில் பார்ப்பது ஒன்று: அதில் இரண்டு மெமரி கார்டு போட முடியுமா என்பது. 2015-இல் வந்த நிக்கான் டி7200-இல் 24 மெகாபிக்சலும் இரண்டு கார்டு வசதியும் உண்டு. அதற்குப் பின் 2017-இல் வந்த டி7500-இல் ஒரு கார்டுதான் போடலாம். கல்யாண வேலைக்கு நான் பழையதையே தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் பதிவாகும்போது ஒன்று பழுதானாலும் கல்யாணம் கையில் இருக்கும். வாங்கும் முன் ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று பாருங்கள். டி7200-இன் ஷட்டர் 1,50,000 முறை வரை சோதிக்கப்பட்டது என்பதால், அதில் பாதிக்கு மேல் ஓடியிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். லென்ஸுக்கு, குறைந்த வெளிச்சத்துக்கு 50 எம்எம் எஃப் 1.8 ஒன்று, குழுப் படங்களுக்கு 17-50 எம்எம் எஃப் 2.8 ஒன்று, இரண்டாவதைச் சிக்மா, டாம்ரான் இரு நிறுவனங்களும் செய்தன, பழையது கிடைக்கும். தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும் பெரிய டெலி லென்ஸும் இரண்டாவது கேமராவும் கல்யாண நாளுக்கு மட்டும் மதுரையிலோ திருச்சியிலோ வாடகைக்கு எடுத்தால் போதும். ஹெலிகேம் (பறக்கும் கேமரா) பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம்.

மீதிப் பணம் ஃபிளாஷுக்கும் பேட்டரிக்கும் கார்டுகளுக்கும் போகட்டும். தொடக்க காலத்தில் நான் எடுத்த கல்யாணம் ஒன்றில், கடையில் வாங்கிய சாதாரண பேட்டரிகளை ஃபிளாஷில் போட்டிருந்தேன். கெட்டிமேளம் முழங்கியதும் தொடர்ந்து நாலைந்து முறை அழுத்தினேன். முதல் படத்துக்கு மட்டும் ஒளி வந்தது, மற்றவை இருண்டு போயின. கேமரா பதிவு செய்வதை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) வடிவத்தில் எடுக்காமல், சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்கில் (JPEG) எடுத்திருந்ததால் இருட்டிலிருந்து முகங்களை மீட்கவும் முடியவில்லை. பெண்ணின் தகப்பனார் ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஆல்பத்தை மூடி வைத்தது இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது. அன்று முதல் ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் பேட்டரிகளை மூன்று செட் வைத்திருக்கிறேன். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் முன்பு, பழையதில் சார்ஜ் இருந்தாலும் கழற்றிவிட்டுப் புதிய செட்டைப் போட்டுவிடுவேன்.

நம் செட்டிநாட்டு வீடுகளின் வெளிச்சத்தைத் தனியாகப் படிக்க வேண்டும். மண்டபங்களில் எடுத்துப் பழகியவர்கள் ஃபிளாஷை மேலே திருப்பிக் கூரையில் பட்டுத் திரும்பும் ஒளியை நம்புவார்கள். வளவில், அதாவது வீட்டின் முற்றமும் தாழ்வாரமும் சேர்ந்த பகுதியில், நடக்கும் கல்யாணத்தில் அது உதவாது: நடு முற்றத்தின் மேல் ஆகாயம் திறந்திருக்கும் அல்லது தகரக் கொட்டகை இருக்கும், சுற்றுத் தாழ்வாரத்திலோ பர்மாத் தேக்குக் கூரை, ஒளியை விழுங்குவதோடு திரும்பி வரும் கொஞ்ச வெளிச்சத்தையும் பழுப்பாக்கிவிடும். ஆனால் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து மெழுகிய சுவர்கள் வெண்மையாக, வழவழவென்று இருக்கின்றன. ஃபிளாஷைப் பக்கவாட்டில் அந்தச் சுவரை நோக்கித் திருப்பினால், ஜன்னல் வழியாக வருவது போன்ற மென்மையான வெளிச்சம் முகத்தில் விழும். நேராகச் சுவரை எதிர்த்து அடித்தால் கண்ணாடி போல ஒரு வெள்ளைத் திட்டு படத்தில் விழுந்துவிடும், ஆகையால் கோணத்தை முதல் நாள் மாலையே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். மேடையில் எல்இடி விளக்குகள் இருந்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கின்றன, ஷட்டர் வேகத்தை 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் அது அடங்கிவிடும். வெள்ளை வேட்டியும் தங்கமும் ஒரே சட்டகத்தில் வரும்போது தங்கத்தின் மினுக்கம் வெளுத்துப் போகாதபடி வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தே எடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வீடுகள் பெரும்பாலும் பங்காளிகள் பலருக்குப் பொதுவானவை. ஒருவர் தலையசைத்தார் என்பதற்காக இரண்டாம் கட்டுக்குள் விளக்கைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள். ஸ்டாண்டின் கால்களுக்கு ரப்பர் மாட்டுங்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் (பூவேலை ஓடு) ஒன்று கீறிப்போனால் அதே பூவேலையில் இன்னொன்றைத் தேடிப் பதிப்பது எளிதல்ல.

இவை எல்லாவற்றையும் விட, காசே செலவில்லாமல் கிடைக்கும் பெரிய முதல், சடங்கின் வரிசையைத் தெரிந்து வைத்திருப்பது. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கல்யாணத்தில் கோயிலிலிருந்து மாலை வருவதும், இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தம் எழுதுவதும், பல தங்க உருப்படிகள் கோத்த கழுத்துரு என்னும் தாலி அணிந்து திருப்பூட்டுவதும் வெளியூர்ப் படக்காரருக்குச் சாதாரணக் காட்சிகளாகத் தோன்றலாம். அந்த வீட்டாருக்கு அவைதான் கல்யாணம். ஒன்பது நகரக் கோயில்களில் தங்கள் கோயில் எது என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் உயிரான விஷயம், ஆகவே மாலைத் தட்டு வாசலுக்கு வரும்போது நீங்கள் மணமகள் அலங்காரத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தால் அது பெரிய குறையாகிவிடும். ஒருமுறை பள்ளத்தூரில் ஓர் ஆச்சி என் தோளைத் தொட்டு, "தம்பி, கோயில் மாலைய எடுத்தியாப்பா? மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். அந்த ஒரு வரியை விடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. கழுத்துருவை மேசை மேல் வைத்துத் தனியாக எடுக்க நேரம் கேட்டு வாங்குங்கள். அதன் உருப்படிகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும்படி பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பேத்தி காலத்திலும் பார்ப்பார்கள். இசைகுடிமானத்தில் குடும்ப விவரங்கள் இருப்பதால் அதை எழுதும் கைகளை எடுங்கள், எழுத்தைப் பொதுவில் போடாதீர்கள்.

இங்கே எல்லாக் கல்யாணமும் நகரத்தார் கல்யாணம் அல்ல. நிக்காஹ்வுக்கும் தேவாலயத் திருமணத்துக்கும் மற்றச் சமூகத்தாரின் சடங்குகளுக்கும் வரிசை வேறு, நிற்கக்கூடிய இடமும் வேறு. இரண்டு வாரம் முன்பே அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரோடு அமர்ந்து, எது எப்போது, யார் யாருக்குச் செய்வது, எங்கே நடக்கும் என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முகூர்த்தத்தின்போது உறவினர் தலைகள் எல்லாம் முன்னே சாயும்; ஏறி நிற்க ஒரு சிறிய முக்காலி கொண்டு போனால் தலைகளுக்கு மேலிருந்து எடுக்கலாம்.

முதல் வாய்ப்புக்குக் கல்யாணத்தையே எதிர்பார்க்க வேண்டாம். அனுபவமுள்ள ஒருவரிடம் ஆறு மாதம் அசிஸ்டன்டாக இருங்கள். விளக்குப் பிடித்துக்கொண்டே அவர் எப்போது நகர்கிறார் என்பதைக் கவனியுங்கள். பிறகு நகரத்தார் வீடுகளில் குழந்தைகளுக்குச் செய்யும் புதுமை என்னும் சடங்கு, காதணி விழா, அறுபதாம் கல்யாணம் ஆகியவற்றைத் தனியாக எடுங்கள். அறுபதாம் கல்யாணத்திலும் கழுத்துரு வெளியே வரும், மாலை மாற்றும் சடங்கும் உண்டு, கூட்டமோ குறைவு. பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இருக்காது. அந்த மாதங்களைக் கேமராவைச் சர்வீஸுக்குக் கொடுக்கவும் ஆல்பங்களை முடிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள், அந்த மாதங்களின் வீட்டுச் செலவுக்கும் வைகாசியிலேயே ஒதுக்கி வையுங்கள்.

பணம் பேசும்போது கூச்சப்படாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எத்தனை மணி நேரம், எத்தனை பேர் வருவோம், ஆல்பம் எத்தனை பக்கம், எந்தத் தேதிக்குள் தருவோம். மூன்றில் ஒரு பங்கு முன்பணமாகவும், ஒரு பங்கு கல்யாணத்தன்றும், கடைசிப் பங்கு ஆல்பம் கொடுக்கும்போதும் வாங்குவது என் வழக்கம். படங்களை உங்கள் பக்கத்தில் வெளியிடலாமா என்பதையும் அதே தாளில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடன் தவிர்க்க முடியாதது என்றால் மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை வங்கியில் கேட்கலாம். உத்யம் என்னும் சிறுதொழில் அரசுப் பதிவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை, யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கல்யாணம் முடிந்து வீடு திரும்பியதும், எவ்வளவு அசதியாக இருந்தாலும், தூங்குவதற்கு முன் படங்களைக் கணினியிலும் ஒரு ஹார்ட் டிஸ்கிலும் ஏற்றிவிடுங்கள். ரா வடிவத்தில் எடுத்த 2000 படங்கள் 50 ஜிபிக்கு மேல் வரும். மூன்றாவது பிரதி ஒன்றை நண்பர் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ வையுங்கள். ஆல்பம் கொடுத்து முடியும் வரை கார்டுகளை அழிக்கக் கூடாது. எடிட்டிங்குக்கு மாதாமாதம் பணம் கட்ட முடியாதபோது டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளே போதும். ஆல்பத்தை லேபுக்கு அனுப்புவதற்கு முன், ஒரு பட்டுப்புடவைப் படத்தைச் சிறிய அளவில் அச்சடித்து வாங்கி, பகல் வெளிச்சத்தில் அந்தப் புடவையின் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். அரக்கு நிறம் சிவப்பாக மாறியிருந்தால் முழு ஆல்பத்தையும் அதற்கேற்பத் திருத்திய பிறகு அனுப்புங்கள்.