மேசையில் அழகு, தலையில் தொல்லை: கூந்தல் அணிகள் தைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் தைக்கத் தொடங்கியவர்கள் கொண்டுவந்து காட்டும் துணிப்பூக்கள், ரிப்பன் க்ளிப்புகள், ஸ்க்ரன்சிகள் (கூந்தலைக் கட்டும், உள்ளே எலாஸ்டிக் ஓடும் துணி வளையங்கள்) ஆகியவற்றின் முன்பக்கத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இருப்பதில்லை. இதழ்கள் ஒழுங்காக மடிந்திருக்கும், நிறங்கள் பொருந்தியிருக்கும், மணிகள் நேர்வரிசையில் நிற்கும். திருப்பிப் பார்க்கும்போதுதான், நான் முன்பு செய்த அதே தவறுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியவருகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் ஒன்றே: தைத்த பொருள் மேசையில் கிடக்கும்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு, அது சாய்வான, வழுக்கும், ஓயாமல் அசையும் கூந்தலில் பல மணி நேரம் இருக்கப்போகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

மழுங்கிய கத்தரிக்கோல், அளவெடுக்காமல் வெட்டுதல், நிறம் பொருந்தாத நூல் போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை யாரும் ஒரே நாளில் தாமாகவே உணர்ந்துகொள்வார்கள்.

துணியின் போக்கைப் பாராமல் வெட்டுவது

நெய்த துணி பாவு நூலின் திசையில் மிகக் குறைவாகவும், 45 பாகைச் சாய்வில் மிக அதிகமாகவும் இழுபடும். வளைந்த ஹேர்பேண்டின் மேல் சுற்றுவதற்கான பட்டையைக் கிராஸாக, அதாவது அந்த 45 பாகைச் சாய்வில், வெட்டினால்தான் அது வளைவோடு சுருக்கமின்றிப் படியும். பட்டாம்பூச்சிபோல் இருபுறமும் விரியும் 'போ'வுக்கோ நேர்போக்கில் வெட்ட வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கச் சிறகு நாளடைவில் இறங்கிவிடும். மிச்சத் துணியைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் ஆர்வத்தில் இரண்டையும் மாற்றி வெட்டிவிடுபவர்கள்தான் அதிகம். துணியில் சேமித்ததைவிடப் பல மடங்கு நேரத்தை அவர்கள் பிறகு இஸ்திரிப் பெட்டியோடு போராடிச் செலவிடுகிறார்கள்.

வெல்வெட்டை மேற்புறத்திலிருந்து இஸ்திரி போடுவது

வேண்டாம், நசுங்கிய மயிர் பெரும்பாலும் பழைய நிலைக்கு எழாது.

அடித்தளத்தைக் கடைசியில் யோசிப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. முதலில் பூவைத் தைப்பது, பிறகு அதற்கு மணி கோப்பது, எல்லாம் முடிந்த பின் பெட்டியில் என்ன க்ளிப் இருக்கிறது என்று தேடுவது, கிடைத்ததை எடுத்துச் சூடான பசையால் ஒட்டிவிடுவது என்ற வரிசையில்தான் ஏறக்குறைய எல்லோரும் வேலை செய்கிறார்கள். செய்முறைப் படங்களிலும் க்ளிப் கடைசிப் படத்தில்தான் வருகிறது என்பதால், அவர்களை மட்டும் குறை சொல்வதும் சரியன்று.

சூடான பசையின் இயல்பைத் தெரிந்துகொண்டால் இந்த வரிசை ஏன் தவறு என்பது விளங்கும். பசைத் துப்பாக்கியிலிருந்து வருவது உருகிய பிளாஸ்டிக் வகைப் பொருள். குறைந்த வெப்பத் துப்பாக்கிகள் அதனை ஏறத்தாழ 120 பாகை செல்சியஸிலும், அதிக வெப்பத் துப்பாக்கிகள் 190 பாகையை ஒட்டியும் உருக்கித் தருகின்றன. துணியிலும், இழைகளை அழுத்திச் செய்யும் தடித்த ஃபெல்ட்டிலும் அது இழைகளுக்கு இடையே புகுந்து பிடித்துக்கொள்கிறது. க்ளிப்பின் உலோகமோ வழவழப்பானது, போதாததற்கு வெப்பத்தை விரைந்து இழுத்துக்கொள்வது. உலோகத்தைத் தொட்ட கணத்திலேயே பசையின் அடிப்பரப்பு இறுகிவிடுவதால், அது பற்றிக்கொள்வதற்கு முன்பே உறைந்துபோகிறது. பிறகு அது உலோகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறதே தவிர, அதனோடு சேர்ந்திருக்கவில்லை. ஒவ்வொரு முறை க்ளிப்பைத் திறக்கும்போதும் அழுத்தம் நேராக அந்த இணைப்பின் மீதுதான் விழுகிறது. வெப்பம் பட்டால் அதே பசை மீண்டும் இளகவும் செய்கிறது.

என்னிடம் கற்றுக்கொண்ட ஒருவர், உறவினர் வீட்டு விழாவுக்காக ஒரே நிறத்தில் பல க்ளிப்புகள் செய்தார். வெல்வெட் இதழ்கள், நடுவில் கண்ணாடி மணிகள், பின்புறம் சுத்தமாக வெட்டிய ஃபெல்ட் வட்டம் என்று வேலைப்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. விழா நாளன்று அந்தப் பெட்டி, வெயிலில் நிறுத்தியிருந்த வாகனத்தின் முன்கண்ணாடிக்குக் கீழே சில மணி நேரம் இருந்தது. கதவுகள் மூடிய வாகனத்தில் அந்த இடத்தின் வெப்பம் 60 பாகையைத் தாண்டுவது இயல்பு. பெட்டியைத் திறந்தபோது பூக்கள் ஒருபக்கமும் க்ளிப்புகள் ஒருபக்கமும் கிடந்தன. என்னிடம் அவர் கொண்டுவந்து காட்டிய பூக்களின் பின்புறத்தில் க்ளிப்பின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. உலோகத்தில் பசையின் சுவடுகூட இல்லை.

இந்தத் தவறின் உண்மையான செலவு க்ளிப்புகளில் இல்லை, அவற்றை எளிதில் வாங்கிவிடலாம். பூவைக் க்ளிப்போடு தைத்துச் சேர்க்க வேண்டுமென்றால் ஃபெல்ட் வட்டத்தைப் பிரிக்க வேண்டும். அந்த வட்டமும் பசையால் ஒட்டப்பட்டிருந்ததால், இழுக்கும்போது வெல்வெட்டின் இழைகளும் கூடவே வந்தன. மணிகளின் முடிச்சுகள் அதே பசைக்குள் புதைந்திருந்ததால் அவையும் அறுந்தன. பல நாள் வேலை, சில நிமிட அவசரத்தால் பிரிக்கவும் முடியாத, சேர்க்கவும் முடியாத பொருளாகிவிட்டது. மீண்டும் ஒட்டித் தருகிறேன் என்று அவர் சொன்னபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதுவது நாகரிகமாக இராது.

சரியான வரிசை இதற்கு நேர் எதிரானது. முதலில் க்ளிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெல்லிய கூந்தலுக்கும் சிறு பூவுக்கும் முதலைவாய்க் க்ளிப் போதும். கனமான அணிக்கு நீளமான பிரெஞ்சு க்ளிப் அல்லது பல்வரிசையுள்ள சீப்பு தேவை. தேர்ந்தெடுத்த க்ளிப்பை அலங்காரம் ஏதுமின்றிக் கூந்தலில் செருகி, எந்தக் கையால், எந்தப் பக்கமிருந்து செருகுகிறோம் என்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாததால்தான் செருகிய பின் தலைகீழாக நிற்கும் 'போ'க்கள் உருவாகின்றன. பூவின் எடை க்ளிப்பின் பிடிக்கு நேர் மேலே அமைய வேண்டும் என்பதும் அப்போதுதான் புலப்படும். எடை க்ளிப்பின் பின்முனைக்குத் தள்ளிப்போனால், எவ்வளவு இறுக்கமான க்ளிப்பாக இருந்தாலும் பூ கவிழும்.

பிறகு இரண்டு ஃபெல்ட் துண்டுகளை ஒரே அளவில் வெட்ட வேண்டும். முதல் துண்டின் மேல் இதழ்களும் மணிகளும் தைக்கப்படும். எல்லா முடிச்சுகளும் அதன் அடிப்புறத்தில் விழும். இரண்டாவது துண்டில், க்ளிப்பின் அகலத்தைவிடச் சற்றே குறைவான நீளத்தில், இடைவெளி விட்டு இரண்டு கீறல்கள் இட்டு, முதலைவாய்க் க்ளிப்பின் மேல்தாடையை ஒன்றின் வழியே உள்ளே விட்டு மற்றதன் வழியே வெளியே எடுக்க வேண்டும். க்ளிப்பை முன்னதாக ரிப்பனால் சுற்றியிருந்தால், அந்த ரிப்பனையும் ஃபெல்ட்டையும் சேர்த்துச் சில தையல்கள் போடலாம். இறுதியாக இரு துண்டுகளையும் முதுகோடு முதுகு வைத்து, ஓரம் முழுவதும் காஜா தையலால் இணைக்க வேண்டும். இப்போது க்ளிப்பைப் பிடித்திருப்பது துணியும் நூலும். பசை ஒரு சொட்டு விட்டாலும் அது துணைக்கு மட்டுமே. வேண்டாதபோது ஓரத்தையலை மட்டும் பிரித்துக் க்ளிப்பை மாற்றிக்கொள்ளவும் முடியும்.

பிரெஞ்சு க்ளிப்பின் இரு முனைகளிலும் சிறு துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகத் தைக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. உள்ளே வளைந்திருக்கும் விற்பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தைத்தால் கைக்கு இடம் கிடைக்கும், முடிந்ததும் மாட்டிவிடலாம். அழுத்தினால் 'டக்' என்று மூடும் தட்டைக் க்ளிப்புக்கு ஓர் எச்சரிக்கை உண்டு: அது வளைந்து நெளிந்துதான் மூடுகிறது. அதன் உடல் முழுவதையும் துணியால் இறுக்கித் தைத்துவிட்டால் அந்த நெளிவு தடைபட்டு, க்ளிப் மூடவே மூடாது.

எலாஸ்டிக்கை முடிச்சுப் போடுவது, தவறான இடத்தில் அளப்பது

ஸ்க்ரன்சிக்கு அமெரிக்காவில் 1987-இல் காப்புரிமை பெற்றவர் ராமி ரெவ்சன். அவர் இரவு உடையின் இடுப்புப் பட்டியைப் பார்த்து அதனை உருவாக்கினார் என்பார்கள். உண்மையில் அது துணிக்குழாய்க்குள் ஓடும் எலாஸ்டிக் மட்டுமே என்பதால், உடையின் இடுப்புப் பட்டிக்குரிய விதிகள் அனைத்தும் இதற்கும் பொருந்தும். யாரும் இடுப்புப் பட்டியில் எலாஸ்டிக்கை முடிச்சுப் போட்டு விடுவதில்லை; ஸ்க்ரன்சியில் மட்டும் போடுகிறார்கள். முடிச்சு கூந்தலில் கட்டிபோல் உறுத்துவதோடு, இழுபட்டு இழுபட்டு ஒருநாள் அவிழ்ந்தும் விடும். இரு முனைகளையும் ஒன்றரை செ.மீ. அளவுக்கு ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜிக்ஜாக் தையல் போடுவதே முறை.

சாதாரணப் பருத்தித் துணிக்கு 55 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள பட்டையும், 20 முதல் 22 செ.மீ. வரையிலான எலாஸ்டிக்கும் நல்ல தொடக்கம். வெல்வெட்டுக்கு நீளத்தைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் சுருக்கங்கள் ஒன்றையொன்று நெருக்கி, அணி கல்போல் இறுகிவிடும். மெல்லிய ஷிஃபானுக்குக் கூட்ட வேண்டும்.

எலாஸ்டிக் சேர்த்த ஹேர்பேண்டுக்கு அளவெடுக்கும்போது நெற்றியைச் சுற்றி அளப்பது மற்றொரு பரவலான பிழை. பேண்ட் போகும் பாதை உச்சியிலிருந்து காதுகளுக்குப் பின்னால் இறங்கிப் பிடரிக்குக் கீழ் முடிகிறது. அந்தப் பாதையிலேயே அளந்து, தைத்து முடித்த நீளம் அதைவிட 3 முதல் 5 செ.மீ. குறைவாக இருக்கும்படி வைத்தால் நழுவாமலும் நெரிக்காமலும் நிற்கும்.

எல்லா ரிப்பனையும் தீயில் காட்டுவது

பாலியெஸ்டர், நைலான் ரிப்பன்களின் வெட்டுமுனை சூட்டில் உருகிப் பிசிறு நிற்கும். பருத்தி, பட்டு, ரேயான் உருகாது, எரியும். எது என்று தெரியாவிட்டால் ஒரு சிறு துண்டை முதலில் சோதித்துப் பாருங்கள். உருகும் வகையிலும், மஞ்சள் சுடருக்குள் நுழைத்தால் கரி படியும். சுடரின் நீல அடிப்பகுதிக்கு அருகில் கொண்டுசென்றால் போதும், அதற்குள் விட வேண்டியதில்லை. உருகி இறுகிய முனை கூர்மையாகிவிடுவதால் அதனைத் தலைத்தோலில் படாதபடி உள்ளே மடித்துத் தைப்பதும் அவசியம். பருத்தி, பட்டு ரிப்பன்களுக்கு முனையை இருமுறை மடித்துக் கைத்தையல் போடுவதைவிட நல்ல வழி இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

சாட்டினில் நடுத்துணியில் குண்டூசி குத்துவது

துளை நிலைத்துவிடும். தையலுக்கு விட்ட ஓரத்திற்குள் மட்டும் குத்துங்கள்.

கேன்வாஸ் வைக்காமல் 'போ' தைப்பது

தைத்த அன்று நிமிர்ந்து நிற்கும் 'போ', இரண்டாம் முறை அணியும்போது வாடிய இலைபோல் தொங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே ஒன்றும் இல்லாததுதான். இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கேன்வாஸைத் துணியின் உட்புறத்தில் வைக்க வேண்டும். இதிலும் அவசரக்காரர்கள் இஸ்திரிப் பெட்டியைத் துணியின் மேல் தேய்த்துக்கொண்டே போகிறார்கள். கேன்வாஸ் இடம் நகர்ந்து குமிழிகள் விழுவது அதனால்தான். பெட்டியை ஓரிடத்தில் சில வினாடிகள் அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். தையலுக்கு விட்ட ஓரத்தில் கேன்வாஸை வெட்டி நீக்கிவிட்டால், திருப்பிய பின் விளிம்பு தடிக்காது. மூலைகளைத் திருப்புவதற்கு முன்பு அங்குள்ள மிகைத்துணியையும் குறுக்காக வெட்டிவிடுங்கள்.

மணிகள் அனைத்தையும் ஒரே ஓட்டத்தில் கோப்பது

நீண்ட நூலில் முடிச்சே இல்லாமல் மணிகளைத் தைத்துக்கொண்டு போனால், ஓரிடத்தில் நூல் அறுந்ததும் வரிசை முழுவதும் உதிர்ந்துவிடும். மூன்று நான்கு மணிகளுக்கு ஒருமுறை துணியின் பின்புறத்தில் ஒரு முடிச்சு இட்டால் இழப்பு அந்த அளவோடு நிற்கும். நூல் பாலியெஸ்டராகவோ நைலானாகவோ இருக்கட்டும். குழாய் வடிவக் கண்ணாடி மணிகளின் விளிம்பு நூலை மெல்ல மெல்ல அறுக்கக்கூடியது. அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு சிறு உருண்டை மணியைச் சேர்த்தால் நூல் அந்தக் கூர்விளிம்பில் உரசுவது பெருமளவு குறையும்.

சாயத்தைச் சோதிக்காமல் தைப்பது

ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஏறினால், வியர்வையில் நெற்றியிலும் ஏறும். அடர்சிவப்பிலும் கருநீலத்திலும் இதனைத் தவறவே விடாதீர்கள். பருத்தித் துணியைத் தைப்பதற்கு முன் ஒருமுறை துவைத்துவிட்டால் சுருங்க வேண்டியதும் சுருங்கிவிடும். லேஸுக்கும் இதே விதிதான். துவைக்காத லேஸைத் துவைத்த துணியில் தைத்தால், அடுத்த துவைப்பில் லேஸ் மட்டும் சுருங்கித் துணியைக் கொசுவிவிடும்.

பெரியவர்களுக்கான வடிவத்தையே சிறிதாக்கிக் குழந்தைக்குத் தைப்பது

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. உள்விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுமையாக அடங்கும் எந்தத் துண்டும் தொண்டையில் சிக்கக்கூடியதாகக் கருதப்படுகிறது. நாம் தைக்கும் மணி, முத்து, சிறு பொத்தான் ஆகிய அனைத்தும் அந்த உருளைக்குள் எளிதில் அடங்கிவிடும். எவ்வளவு உறுதியாகத் தைத்தாலும் குழந்தை கடித்து இழுக்கும் வலிமையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். மணியின் இடத்தில் நூல் வேலைப்பாடு போதும். கைக்குழந்தைக்கான பேண்டில் எலாஸ்டிக்கை நன்றாகத் தளர விட்டு, தூங்க வைக்கும்போது அதனைக் கழற்றிவிட வேண்டும் என்பதை வாங்குபவரிடம் சொல்லியே கொடுங்கள்.