சார்ல்ஸ்டன், சவானா, செயின்ட் அகஸ்டின்: சம்மர்ல ரெண்டு பேரா கார்ல போறவங்களுக்கு

அமெரிக்காவோட தென்கிழக்குக் கரையோரம் இருக்கற பழைய ஊர்களை ஒரு ரவுண்டு பார்த்துட்டு வரலாம்னு உட்கார்ந்தா முதல்ல கை போறது மேப்புக்குத்தான், வில்மிங்டன், மர்ட்டில் பீச், ஹில்டன் ஹெட், ஜெக்கில்னு ஏழெட்டு இடத்துல பின் குத்திடுவோம். ஒரு வாரம்தான் லீவுன்னா தயவு செஞ்சு அதுல பாதியை எடுத்துடுங்க. மூணே ஊரு போதும், சார்ல்ஸ்டன் மூணு ராத்திரி, சவானா ரெண்டு, செயின்ட் அகஸ்டின் ரெண்டு. தினம் ஒரு ஹோட்டல் மாத்தி பெட்டியைக் கட்டிக்கிட்டே இருந்தா ரெண்டு பேருக்கும் பேச்சே பார்க்கிங், செக்-அவுட் பத்தித்தான் இருக்கும்.

வடக்கேருந்து தெற்கே போங்கன்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. சார்ல்ஸ்டன் 1670ல இங்கிலீஷ்காரங்க ஆரம்பிச்சது, சவானா 1733ல ஜேம்ஸ் ஓகல்தோர்ப் ஆரம்பிச்சது, செயின்ட் அகஸ்டின் இது ரெண்டுக்கும் முன்னாடி 1565லயே ஸ்பெயின்காரங்க போட்ட ஊரு. மேல இருக்கற ரெண்டு ஊர்க்காரங்களும் படை திரட்டிக்கிட்டு வந்து கீழ செயின்ட் அகஸ்டின்ல இருக்கற ஸ்பெயின்காரங்க கோட்டையைப் பிடிக்கப் பார்த்திருக்காங்க, 1702ல கரோலைனா கவர்னர் ஜேம்ஸ் மூர், 1740ல ஓகல்தோர்ப்பே நேரா, ரெண்டு பேராலயும் முடியல. அந்த வரிசையில போனா கடைசியா கோட்டைக்குள்ள நுழையறப்போ கதை உங்களுக்குப் பாதி தெரிஞ்சே இருக்கும்.

ஓட்டறது பெரிய விஷயமில்ல. சார்ல்ஸ்டன்லேருந்து சவானா 110 மைல் கிட்ட, ரெண்டு மணி நேரம், அங்கேருந்து செயின்ட் அகஸ்டின் 175 மைல் கிட்ட, மூணு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். அட்லாண்டா பக்கத்துலேருந்து கிளம்பறவங்களுக்கு முதல் நாள் அஞ்சு மணி நேரம், திரும்பற நாள் ஆறு மணி நேரம். ஃப்ளைட்ல வந்து கார் வாடகைக்கு எடுக்கறவங்க ஒரு ஊர்ல எடுத்து இன்னொரு ஊர்ல விட்டா எக்ஸ்ட்ரா எவ்வளவுன்னு டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே பாருங்க, சில சமயம் அது பெரிய தொகையா வரும்.

இனி முக்கியமான விஷயம், வெயில். ஜூலைல 90 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டும், அதுவும் புழுக்கத்தோட, சட்டை முதுகுல ஒட்டிக்கும், மத்தியானத்துக்கு மேல இடியோட மழை வேற. நாங்க முதல் தடவை போனப்போ மதியம் ஒரு மணிக்கு வாக்கிங் டூர் புக் பண்ணியிருந்தோம், அரை மணி நேரத்துல அவருக்குத் தலைவலி, எனக்குக் கோபம், ரெண்டு பேரும் பேசாம நடந்துதான் அந்தத் தெரு முழுக்கப் பார்த்தோம். அதனால காலைல ஏழுலேருந்து பதினொண்ணு வரைக்கும் வெளிய சுத்தறது, பதினொண்ணுலேருந்து நாலு வரைக்கும் மியூசியம், சாப்பாடு, தூக்கம், அஞ்சு மணிக்கு மேல திரும்ப வெளிய. ஹோட்டல் ஊருக்குள்ளயே இருந்தாத்தான் இது நடக்கும், மத்தியானம் ரூமுக்கு நடந்து போய்ப் படுக்க முடியணும். புறநகர்ல சீப்பா ரூம் எடுத்தா டவுன்ல பார்க்கிங்குக்கும் அலைச்சலுக்குமே மிச்சம் பிடிச்ச காசு போயிடும். ஊருக்குள்ள எடுத்தாலும் ஹோட்டல் பார்க்கிங்குக்குத் தனி பில் வரும், ரூம் வாடகையோட அதையும் கூட்டிப் பாருங்க.

அந்த ஊர் வீடுகளே இந்த வெயிலை மனசுல வச்சுக் கட்டினதுதான். சார்ல்ஸ்டன்ல பழைய தெருக்கள்ல கவனிச்சுப் பாருங்க, வீட்டோட குறுகலான பக்கம்தான் ரோட்டைப் பார்த்து இருக்கும், ஒரே ஒரு ரூம் அகலம், உள்ள நீளமா போகும், பக்கவாட்டுல தெற்கையோ மேற்கையோ பார்த்து மாடிக்கு மாடி நீளமான தாழ்வாரம். காத்து எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் தாழ்வாரம். ரோட்டுல இருக்கற வாசல் கதவைத் திறந்தா வீட்டுக்குள்ள போகாது, அந்தத் தாழ்வாரத்துலதான் போய் நிக்கும். காலைல ஏழு மணிக்கு, பேட்டரின்னு சொல்ற கடலோர நடைபாதைக்குப் பக்கத்துத் தெருக்கள்ல ஆளே இருக்காது, அப்போ நடங்க, ஈஸ்ட் பே தெருவுல ரெயின்போ ரோன்னு சொல்ற 13 கலர் வீடுகளையும் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி பார்த்துடலாம்.

சார்ல்ஸ்டன்ல ஃபோர்ட் சம்டர்ங்கற தீவுக் கோட்டைக்குப் போற போட்டை முன்கூட்டியே, முடிஞ்சா முதல் போட்டா புக் பண்ணுங்க. உள்நாட்டுப் போரோட முதல் குண்டு 1861 ஏப்ரல் 12 இங்கதான் விழுந்துச்சு, போயிட்டு வர ரெண்டே கால் மணி நேரம் ஆகும். அதே மாதிரி காட்ஸ்டன் வார்ஃப்ல 2023ல திறந்த இன்டர்நேஷனல் ஆப்பிரிக்கன் அமெரிக்கன் மியூசியத்தை விட்டுடாதீங்க. அடிமைகளா கொண்டு வந்தவங்களை எறக்கின அதே துறை அது. இந்த ஊரோட அழகான வீடுகளுக்கெல்லாம் காசு வந்தது நெல்லுலேருந்து, அந்த நெல்லை ஆத்தோரத்துச் சதுப்புச் சேத்துல நின்னு விளைய வச்சது அவங்கதான், இதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்தத் தெருக்கள்ல நடக்கறது வேற மாதிரி இருக்கும். அந்த நாளைக்கு வேற எதுவும் வைக்காதீங்க, ரெண்டு பேரும் சாயங்காலம் நிதானமா உட்கார்ந்து பேசற மாதிரி விடுங்க.

டைட் டேபிள்னு ஒண்ணு இருக்கு, கடல் எப்போ ஏறும் எப்போ எறங்கும்னு, போன்ல தினம் பாருங்க. கடல் ஏறற நேரத்துல மழையும் சேர்ந்தா சார்ல்ஸ்டன்ல தாழ்வான தெருக்கள்ல தண்ணி நின்னுடும். நாங்க சாப்பிட்டுட்டு வர்றதுக்குள்ள பாதி டயர் தண்ணில இருந்துச்சு, அது உப்புத் தண்ணி வேற. அதுலேருந்து மழை மாதிரி இருந்தாலே மாடி பார்க்கிங்லதான் விடறோம். சவானாலேருந்து டைபீ தீவுக்குப் போற ரோடும் இப்படித்தான், ஒரே ரோடு, சில நாள் தண்ணி ஏறிடும்.

சவானா போற வழியில நேரா ஹைவேல ஏறிடாம பியூஃபர்ட்ல எறங்குங்க. ராபர்ட் ஸ்மால்ஸ் பிறந்த ஊரு அது. அடிமையா இருந்த மனுஷன், 1862 மே மாசம் ஒரு விடியக்காலைல சார்ல்ஸ்டன் துறைமுகத்துலேருந்து பிளான்டர்ங்கற கப்பலை, பொண்டாட்டி பிள்ளைங்களையும் ஏத்திக்கிட்டு, கேப்டன் தொப்பியைப் போட்டுக்கிட்டு, சரியான விசில் சிக்னல் குடுத்து, தெற்குப் படை கையில இருந்த ஃபோர்ட் சம்டர் முன்னாடியே ஓட்டிக்கிட்டு வடக்குப் படைக்கிட்ட போய்ச் சேர்ந்து விடுதலை ஆனவர். பின்னாடி தான் அடிமையா இருந்த வீட்டையே விலைக்கு வாங்கினார், காங்கிரஸ் உறுப்பினராவும் ஆனார். அந்த வீடு இன்னும் இருக்கு, வெளியேருந்து பார்த்துட்டு வாங்க.

சவானால பிளானே வேண்டாம். ஓகல்தோர்ப் போட்ட மாதிரியே சதுக்கம் சதுக்கமா ஊரு, 24 இருந்துச்சு, இப்போ 22, ஒவ்வொண்ணும் ஓக் மர நிழல்ல. களைப்பா இருந்தா அடுத்த சதுக்கத்துல பெஞ்சு கிடைக்கும். மரத்துலேருந்து தாடி மாதிரி தொங்கறது அழகா இருக்குன்னு கீழ கிடக்கறதை எடுத்து கார்ல வைக்காதீங்க, அதுல கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கலாம், கடிச்சா நாள்கணக்குல அரிக்கும். டைபீ போற வழியில ஃபோர்ட் புலாஸ்கி, ஏழரை அடி கனத்துக்குச் செங்கல் சுவரு, யாரும் உடைக்க முடியாதுன்னு நெனச்சிருந்தாங்க, 1862ல புது மாதிரி பீரங்கி வந்து 30 மணி நேரத்துல முடிஞ்சுது. சுவர்ல குண்டு இன்னும் செருகிக்கிட்டு இருக்கறது தெரியும்.

சாப்பாட்டுல சைவக்காரங்க கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க, காலர்ட் கீரையிலயும் ரெட் ரைஸ்லயும் பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்த்திருப்பாங்க. கிரிட்ஸ்ங்கறது சோள நொய்க் கஞ்சி, தனியா கேட்டா தருவாங்க. பென்னி வேஃபர்னு ஒண்ணு சார்ல்ஸ்டன்ல விக்கும், எள்ளு பிஸ்கட்தான், பென்னின்னாலே எள்ளு, ஆப்பிரிக்காலேருந்து வந்தது. கார்ல வச்சுக்க அதைவிட நல்ல நொறுக்கு இல்ல.

புயல் சீசன் ஜூன் 1லேருந்து நவம்பர் 30 வரைக்கும், ஆகஸ்ட் நடுவுலேருந்துதான் உச்சம். ஜூன்லயே போயிடறது நல்லது, எப்போ போனாலும் கேன்சல் பண்ணா காசு திரும்பி வர்ற ரூமா எடுங்க. அமெரிக்காவுல வசிக்கறவங்களுக்கு நேஷனல் பார்க் வருஷ பாஸ் 80 டாலர், ஆனா புலாஸ்கி ஆளுக்கு 10, செயின்ட் அகஸ்டின் கோட்டை ஆளுக்கு 15, ரெண்டு பேருக்கும் சேர்த்து 50தான் ஆகுது, வருஷத்துல வேற பார்க் போறதா இருந்தா மட்டும் பாஸ் வாங்குங்க.

கடைசியா செயின்ட் அகஸ்டின். கஸ்டீயோ தெ சான் மார்கோஸ் கோட்டைக்குத் திறந்ததும் போயிடுங்க, மேல்தளத்துல நிழலே கிடையாது. கிட்டப் போய்ப் பார்த்தா அது சாதாரண கல்லு இல்ல, கோக்கீனான்னு பேரு, ஆயிரக்கணக்கான பொடிச் சிப்பிங்க காலப்போக்குல ஒட்டி இறுகினது, ஒவ்வொரு சிப்பியும் தனித்தனியா தெரியும். பீரங்கிக் குண்டு பட்டா விரிசல் விடாம உள்வாங்கிக்கும், மூரும் ஓகல்தோர்ப்பும் திரும்பிப் போனதுல இந்தக் கல்லுக்கும் பங்கு இருக்கு. சாயங்காலம் கோட்டை மூடினதுக்கப்புறம் வெளிய புல்தரையில உட்காருங்க, எதிர்ல தண்ணி, காத்து நல்லா வரும். மறுநாள் லாங் டிரைவ்ன்னா ரூமுக்குத் திரும்பறப்பவே டேங்க் ஃபுல் பண்ணிடுங்க.