தகர ஷெட்டோட அடிப்பக்கம் துருப்பிடிச்சு உதிராம இருக்கணும்னா

வீட்டுக்குப் பின்னாடி சாமான் போடவோ ஆடு கட்டவோ ஒரு தகர ஷெட் போடுறோம், நாலு மழைக்காலம் தாண்டுனதும் பாத்தா கூரை ஷீட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கும், சுத்தி அடைச்ச ஷீட்டு மட்டும் தரையிலருந்து அரை அடி உசரத்துக்கு அப்பளம் மாதிரி நொறுங்கும். உடனே கடைக்காரன் மட்டமான ஷீட்டைத் தலையில கட்டிட்டான்னு திட்டுவோம். பாதி நேரம் ஷீட்டு மேல தப்பே இருக்காதுங்க, அதை மண்ணோட ஒட்டி அடிச்சதுலதான் தப்பு.

கூரை நனைஞ்சா வெயில் வந்ததும் காஞ்சிரும். அடி ஓரம் அப்படி இல்ல, மண்ணும் சருகும் ஒட்டிக்கிட்டு நாள் கணக்கா ஈரமாவே நிக்கும். ஷீட்டுங்கிறது துத்தநாகமோ, துத்தநாகமும் அலுமினியமும் கலந்தோ பூசுன இரும்புதான், வெட்டுன ஓரத்துல அந்தப் பூச்சு கிடையாது, பக்கத்துல இருக்குற துத்தநாகம் கொஞ்ச நாள் அதைக் காப்பாத்தும், எப்பவும் ஈரம்னா அந்தத் துத்தநாகமும் தீந்துபோயி இரும்பு அரிக்க ஆரம்பிச்சிரும். இதுல ஆட்டு மூத்திரம் பட்டாலோ பொட்டாஷ் உர மூட்டையைச் சாத்தி வச்சாலோ இன்னும் சீக்கிரம். அதனால எந்தப் பெயின்ட் அடிக்கலாம்னு யோசிக்கறதுக்கு முன்னாடி, அந்த ஓரம் எப்படிக் காயும்னு யோசிங்க.

புதுசா போடுறவங்க ஷீட்டைத் தரை வரைக்கும் இறக்கவே வேண்டாம். கீழ ஹாலோ பிளாக் இல்லன்னா சாலிட் பிளாக்ல ரெண்டு வரி கட்டிருங்க, ஒரு பிளாக் 8 இஞ்ச் உசரம், கலவையோட சேத்து கிட்டத்தட்ட ஒன்றரை அடி வந்துரும். பாரமெல்லாம் போஸ்ட்டுதான் தாங்குது, இந்தச் செவுரு சும்மா மறைப்புதான், அதனால செம்மண்ணுல ஒரு அடி தோண்டி அடியில கான்கிரீட் போட்டாப் போதும். கரிசல் மண்ணுன்னா அப்படி விடாதீங்க, வெயில்ல வெடிச்சு மழையில உப்பி செவுரைப் பிளந்துரும், ஊர்ல வீடு கட்டுற மேஸ்திரிகிட்ட எவ்வளவு ஆழம்னு கேட்டுத் தோண்டுங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வருவோம். ஷீட்டு செவுருக்கு மேல உக்காரக் கூடாது, செவுருக்கு வெளிப்பக்கமா ரெண்டு மூணு இஞ்ச் இறங்கித் தொங்கணும். அதுக்கு செவுரோட வெளிப்பூச்சு, ஷீட்டு அடிக்கிற குறுக்குப் பைப்போட வெளி முகத்தை விட அரை இஞ்சாவது உள்ள தள்ளி இருக்கணும். இதை வெல்டிங்காரரும் மேஸ்திரியும் ஆளுக்கொரு நாள்ல வந்து வேலை பாக்குறதால யாருமே கவனிக்கறதில்ல, கடைசியில செவுரு வெளிய நீட்டிக்கிட்டு ஷீட்டு அது மேல வந்து நிக்கும், வழியுற தண்ணியெல்லாம் அந்தத் திட்டுல தேங்கி நேரா உள்ள வரும். அப்புறம் மேஸ்திரி "இருங்க சார், இடுக்கை அடைச்சிடுறேன்"னு கலவையை அப்புவார். அப்ப விடவே விடாதீங்க, ஈரச் சிமென்ட்டு துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் அரிக்கும், காஞ்சப்புறமும் அந்தக் கலவைக்கும் ஷீட்டுக்கும் நடுவுல முடி அளவு வெடிப்பு விழுந்து தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். ஷீட்டோட மேடு பள்ளத்துல வர்ற ஓட்டையை அடைக்கணும்னா ஷீட்டு கடையிலயே அதே வடிவத்துல ஃபோம் கிடைக்கும், அதை உள்பக்கமா வைங்க.

எலி வருதுன்னா ஃபோம் பத்தாது, கடிச்சுத் துப்பிரும். கால் இஞ்ச் கண்ணு உள்ள ஜிஐ வெல்ட் மெஷ்ஷை, அதாவது துத்தநாகம் பூசுன கம்பி வலையை, உள்ள இருந்து அடிங்க, சுண்டெலிகூட நுழையாது. வெளியிலருந்து வளை தோண்டுற இடம்னா அதே மெஷ்ஷை செவுரு ஓரமா ஒரு அடி புதைச்சு, அடியில வெளிப்பக்கமா எல் மாதிரி மடக்கி விடுங்க. எலி செவுரை ஒட்டித்தான் தோண்டும், மெஷ் தட்டுனதும் விட்டுரும். எலி இல்லன்னா அது பின்னாடியே வர்ற பாம்பும் குறையும், எங்க ஊர்ப் பக்கம் இந்தச் செலவைப் பண்றதுக்கு அதுவே போதுமான காரணம்.

ஏற்கனவே போட்ட ஷெட்டுன்னா அதைப் பிரிக்க வேண்டியதில்ல. துருப்பிடிச்ச அடியை ஒரு அடிக்கு மேல நேர்கோடு போட்டு வெட்டி எடுத்துட்டு கீழ செவுரு ஏத்திக்கலாம். வெட்டறதுக்கு முன்னாடி அடிக் குறுக்குப் பைப் எங்க இருக்குன்னு பாருங்க, வெட்டுற கோட்டுக்குக் கீழ இருந்தா மேல இன்னொரு பைப் வச்சு ஸ்க்ரூ போட்டப்புறம்தான் வெட்டணும், இல்லன்னா காத்துக்கு ஷீட்டு படபடன்னு அடிச்சுக் கிழியும். தகரக் கத்திரியால வெட்டுனா நல்லது. கிரைண்டர்னா பொறி பட்டு கலர் பூச்சு கருகும், பொறியில பறந்த இரும்புத்தூள் ஷீட்டு மேல ஒட்டி அங்கங்க புள்ளி புள்ளியா துரு வைக்கும், அன்னிக்கே பிரஷ்ஷால தட்டி விட்ருங்க. வெட்டுன ஓரத்துக்கு ஜிங்க் பெயின்ட் (துத்தநாகம் கலந்த பெயின்ட்) ரெண்டு கோட்.

போஸ்ட்டு பைப்பு எல்லாம் கான்கிரீட்டும் மண்ணும் சேர்ற இடத்துலதான் அத்துப்போகும். கான்கிரீட்டைத் தரை மட்டத்துக்கு மேல நாலு இஞ்ச் ஏத்தி, பைப்பைச் சுத்தி வெளிய சரிவா பூசி விட்டாத் தண்ணி நிக்காது.

கூரைத் தண்ணி விழுற கோட்டுல ரெண்டு அடி அகலத்துக்கு மண்ணை வழிச்செடுத்துட்டு முக்கால் இஞ்ச் ஜல்லி நாலு இஞ்ச் கனத்துக்குப் போடுங்க, சேறு தெறிக்கறது பாதிக்கு மேல அங்கயே நின்னுரும். காசு இருந்தா பிவிசி பைப்பைப் பாதியா அறுத்து தாழ்வாரத்துல கட்டித் தண்ணியைத் தூரமா விடலாம்.

இவ்வளவையும் சித்திரை வைகாசியிலயே முடிச்சுட்டீங்கன்னா, அப்புறம் வருஷா வருஷம் ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி ஒரு தடவை மண்வெட்டி எடுத்துட்டுப் போயி, ஓரத்துல சேந்த மண்ணையும் சருகையும் இழுத்துப் போட்டாப் போதும்.