முதல் பத்தியிலேயே கதை நின்றுவிட்டால்

சிறுகதை எழுத உட்கார்ந்து, முதல் வரியை எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போகிறீர்களா? பாட்டி வீட்டை விற்ற நாளைப் பற்றிய ஒரு கதையின் முதல் பத்தியோடு நானும் மூன்று மாதம் கிடந்திருக்கிறேன். எழுதும்போதே திருத்திக்கொண்டும் இருந்தேன், அதுதான் சிக்கல். இரண்டும் வேறு வேறு வேலை, வேறு வேறு நாளில் செய்யுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம். இந்த இடத்தில் ஒற்று மிகுமா, கருப்பா கறுப்பா, பாத்திரம் பேசும்போது 'வந்தாங்க' என்று போடுவதா 'வந்தார்கள்' என்று போடுவதா என்று வரிக்கு வரி ஒரு கேள்வி வந்து நிற்கும். விடை தேடி அகராதியைத் திறந்தால் அன்றைக்கு எழுதின மாதிரிதான். முதல் வரைவில் சந்தியை மறந்துவிடுங்கள். சந்தேகம் வந்த சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு மேலே போங்கள். பேருந்து எண், ஒரு செடியின் பெயர், எது நினைவுக்கு வராவிட்டாலும் அதே நட்சத்திரம்தான். நாற்பது நட்சத்திரம் சேர்ந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பேச்சுமொழியில் தடுமாற்றம் வந்தால், உங்கள் வீட்டில் யார் அப்படிப் பேசுவார்களோ அவரை நினைத்துக்கொண்டு அந்த வரியை வாய்விட்டுச் சொல்லுங்கள், வாயில் வந்தது எதுவோ அதையே எழுதுங்கள்.

ஒன்றுமே வரவில்லையென்றால் போனை எடுத்து, நெருங்கிய தோழியிடம் நடந்ததைச் சொல்வதுபோல் ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். அப்புறம் கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் உங்கள் குரல் வேகமெடுக்கிறதோ அங்கிருந்து கதையைத் தொடங்குங்கள். என் கதை கடைசியில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் தொடங்கவில்லை, பாட்டி அம்மிக்கல்லை மட்டும் கொடுக்கமாட்டேன் என்று அதன்மேல் உட்கார்ந்துகொண்ட இடத்தில் தொடங்கியது.

சரி, 'நமக்கெல்லாம் எதற்கு இந்த எழுத்து' என்ற நினைப்பை என்ன செய்வது? அதற்குத் தனியாக ஒரு நோட்டு வாங்குங்கள். அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக், 1938ல் தன் பெரிய நாவலை எழுதிய ஐந்து மாதமும் அப்படி ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். தான் எழுத்தாளனே அல்ல, தன்னையும் மற்றவர்களையும் ஏமாற்றிக்கொண்டிருப்பதாகக்கூட அதில் எழுதியிருக்கிறார். நாவல் முடிகிறவரை அந்தப் பயம் அவரை விடவில்லை, பக்கங்களும் நிற்கவில்லை. நீங்களும் பத்து நிமிடம் பயத்தையெல்லாம் அந்த நோட்டில் கொட்டிவிட்டு, அதை மூடி வைத்துவிட்டுக் கதைக்கு வாருங்கள். நான் தினமும் இப்படித்தான் செய்கிறேன், பயம் குறையாத நாளிலும் அரைப் பக்கமாவது தேறுகிறது.

எழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்து என்ன என்று தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள். வற்றிப்போகும்வரை எழுதினால் மறுநாள் வெள்ளைத் தாளைத்தான் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டும்.

முடித்ததும் குழுவில் போடாதீர்கள். ஒரே ஒருவரிடம் கொடுங்கள். 'நல்லா இருக்கா' என்று மட்டும் கேட்கவே வேண்டாம், எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தத் தோன்றியது என்று கேளுங்கள். அவர் காட்டுகிற பத்தியில் திருத்தலைத் தொடங்குங்கள்.