பழைய இத்தாலியத் தங்க பிரேஸ்லெட் வாங்குவது எப்படி? பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

பழைய இத்தாலிய நகை சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் முகப்பின் அழகில் மயங்கித்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். வயது, மாற்று, பழுது மூன்றும் தெரிவது உள்பக்கத்திலும் கொக்கியிலும்தான். அதனால் நகையைக் கையில் வாங்கியதும் திருப்பிப் போடுங்கள்.

முதல் கொள்முதலுக்கு 1950 முதல் 1980 வரை செய்த 18 காரட் பிரேஸ்லெட்டுகள் ஏற்றவை. சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன, முத்திரைகளும் ஓர் ஒழுங்கில் இருக்கும். 10 மடங்கு பெரிதாக்கும் லூப், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, தையல் நூல், ஒரு டம்ளர் தண்ணீர், சின்னக் காந்தம், அளவுநாடா ஆகியவை இருந்தால் போதும்.

படி 1: முத்திரையைப் படியுங்கள்

கொக்கியின் நாக்கு, அது நுழையும் பெட்டியின் ஓரம், கடைசி வளையம் ஆகிய மூன்று இடங்களிலும் லூப்பை வைத்துப் பாருங்கள். 750 என்ற எண் 18 காரட்டைக் குறிக்கும், அதாவது ஆயிரத்தில் 750 பங்கு தங்கம். அதன் அருகில் செய்தவரின் அடையாளம் இருக்க வேண்டும். வயது அங்கேதான் பிடிபடும்.

இத்தாலியின் 1934-ம் ஆண்டு முத்திரைச் சட்டத்துக்குப் பின் வந்த நகைகளில் சாய்சதுரக் கட்டத்துக்குள் பட்டறையின் எண், மாகாணத்தின் இரண்டெழுத்து ஆகியவற்றோடு பாசிச ஆட்சியின் சின்னமான கோடரி கட்டிய கழிக்கட்டும் இருக்கும். நாற்பதுகளின் நடுவில் அந்தச் சின்னம் போய், எண்ணும் எழுத்தும் மட்டும் நின்றன. 1968 சட்டம் எண்ணுக்கு முன்னால் ஒரு நட்சத்திரத்தைச் சேர்த்தது. ஆகவே நட்சத்திர முத்திரை உள்ள நகையை ‘1940-களைச் சேர்ந்தது’ என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். 1872 சட்டப்படி முத்திரை கட்டாயமில்லை என்பதால், 1934-க்கு முந்திய நல்ல நகைகள் முத்திரையே இல்லாமலும் வரும். அவை அனுபவம் வந்த பிறகு வாங்க வேண்டியவை.

மாகாண எழுத்து ஊரையும், ஊர் கைவேலையையும் சொல்லும். ஏஆர் என்றால் அரெட்சோ, சங்கிலி வேலைக்குப் பேர்போன ஊர். 1926-ல் அங்கே தொடங்கிய ஊனோ ஆ எர்ரே நிறுவனத்தின் முத்திரை எண் 1 ஏஆர். விஐ என்றால் விச்சென்ஸா. ஏஎல் அலெஸ்ஸாந்திரியா மாகாணம், கல் பதிக்கும் வேலையில் சிறந்த வலென்ஸா அதில்தான் இருக்கிறது. எஃப்ஐ புளோரன்ஸ். பவளமும், சிப்பியில் புடைப்பு உருவமாகச் செதுக்கும் கேமியோவும் நேப்பிள்ஸை அடுத்த தோரே தெல் கிரேக்கோவின் தொழில்.

முத்திரையின் விளிம்பையும் கவனியுங்கள். அடித்துப் பதித்த முத்திரை கூர்மையாக இருக்கும். அசலை அச்செடுத்து வார்த்த போலியில் முத்திரையும் சேர்ந்தே வார்க்கப்படுவதால் எழுத்துகள் மழுங்கி, உள்ளே ஊசிமுனைக் குழிகள் தெரியும். பொன்னிற நகையில் ‘925 இத்தாலி’ என்றிருந்தால் அது முலாம் பூசிய வெள்ளி. ‘14 காரட் இத்தாலி’ பெரும்பாலும் அமெரிக்கச் சந்தைக்காகச் செய்தது. அதுவும் தங்கம்தான், ஆனால் 585 மாற்று. ஆந்தை முத்திரை இருந்தால் பயப்பட வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்த 18 காரட் நகைக்குப் பிரான்ஸ் போடும் முத்திரை அது.

படி 2: தண்ணீரில் எடை

நகையை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். நகையை நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் உலர் எடையை வகுக்க வேண்டும். உலர் எடை 31 கிராம், தண்ணீரில் காட்டியது 2 கிராம் என்றால் விடை 15.5. மஞ்சள் நிற 18 காரட்டுக்கு 15.2 முதல் 15.9 வரை வரலாம். 13-ஐ ஒட்டி வந்தால் 14 காரட், 10.3 என்றால் வெள்ளி, 8.5 பக்கம் வந்தால் பித்தளை.

கொக்கி இடுக்கில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் விடை குறைந்துவிடும், எனவே நூலை மெல்ல ஆட்டி அதை விரட்டுங்கள். கல் பதித்த நகைக்கும் உள்ளே பொள்ளலான நகைக்கும் இந்தச் சோதனை செல்லாது. 10 கிராமுக்குக் குறைந்த நகையில் தராசின் சின்னப் பிசகே முடிவை மாற்றிவிடும்.

காந்தம் கொக்கியில் மட்டும் லேசாக ஒட்டினால் உள்ளே எஃகுச் சுருள்வில் இருக்கலாம், அதைப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். சங்கிலியே ஒட்டினால் விட்டுவிடுங்கள்.

916-க்குப் பழகிய நம் கண்ணுக்கு 750 கொஞ்சம் வெளிறித் தெரியும். ஆனால் மெல்லிய கொக்கி நாக்குக்குத் தேவையான விறைப்பு அந்தக் கலவையில்தான் கிடைக்கிறது. 22 காரட்டில் அதே நாக்கு சீக்கிரம் வளைந்துவிடும்.

படி 3: பழுது பார்ப்பது

நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இது. கொக்கியைப் பத்து முறையாவது போட்டுக் கழற்றுங்கள். ‘டக்’ என்று பிடிக்க வேண்டும். நாக்கு தளர்ந்திருந்தால் நல்ல ஆசாரி நிமிர்த்திவிடுவார். மடிப்பில் விரிசல் விழுந்திருந்தால் புது நாக்குதான் வைக்க வேண்டும், அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் உள்வளைவில் தேய்மானம் முதலில் தெரியும். அங்கே கம்பி பாதியாக மெலிந்திருந்தால் வாங்க வேண்டாம். பின்னல் பிரேஸ்லெட்டைப் பக்கவாட்டில் நிறுத்திப் பிடியுங்கள். நடுவில் அதிகமாகத் தொங்கினால் பின்னல் தளர்ந்துவிட்டது.

சாம்பல் நிறத் திட்டு எங்காவது தெரிந்தால் யாரோ ஈயப் பற்றாசு வைத்திருக்கிறார்கள். பின்னாளில் அதன்மேல் நெருப்புக் காட்டினால் ஈயம் தங்கத்தை அரித்துக் குழி பறித்துவிடும்.

துபோகாஸ் வகைக்குத் தனிக் கவனம் வேண்டும். இத்தாலிய நகை நிறுவனமான புல்காரியின் பாம்பு வடிவ நகைகளால் புகழ்பெற்ற இந்த வேலையில், தங்கப் பட்டைகளை ஒரு நடுத்தண்டின்மேல் ஒன்றுக்குள் ஒன்று கோத்துச் சுற்றி, பிறகு தண்டை நீக்கிவிடுவார்கள். பற்றவைப்பு இல்லாததால்தான் அது அப்படி நெளிகிறது. ஒருமுறை மடிந்துவிட்டால் சரிசெய்வது மிகக் கடினம், நீளத்தைக் குறைப்பதும் அப்படியே. மணிக்கட்டைச் சுற்றி அளந்து, 1 அல்லது 2 சென்டிமீட்டர் கூட்டிப் பொருந்துவதை மட்டும் வாங்குங்கள்.

படி 4: விலைக் கணக்கு

எடையை 0.75-ஆல் பெருக்கினால் சுத்தத் தங்கம் கிடைக்கும். 40 கிராம் நகையில் 30 கிராம். அன்றைய 24 காரட் விலையால் அதைப் பெருக்கினால் அடிவிலை. கல் இருந்தால் அதன் எடையை முதலில் கழியுங்கள். அடிவிலைக்கு மேல் கேட்பது வேலைப்பாடு, பட்டறை, நிலைமை ஆகியவற்றுக்கான விலை. பட்டறைப் பெயர் பொறித்த நகைக்கு அது பல மடங்காகலாம். பெயரில்லாத சங்கிலிக்கு அவ்வளவு கொடுக்காதீர்கள்.

படி 5: சுத்தம், பாதுகாப்பு

வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துளி மென்மையான சோப்பு, குழந்தைகளின் பல்துலக்கி. வெறும் தங்கத்துக்கு வீட்டுப் பூந்திக்கொட்டையும் நல்லதுதான். பவளம், சிப்பிக் கேமியோ உள்ள நகையில் புளியோ எலுமிச்சையோ படவே கூடாது, அமிலம் அவற்றைக் கரைக்கும். துபோகாஸை ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

புளோரன்ஸ் பாணியில் நுண்கோடு கீறிய மேற்பரப்பை மெருகேற்றக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கையால் கீறிய கோடுகளை மெருகுச் சக்கரம் வழித்தெடுத்துவிடும், திரும்ப வராது. பழுதுக்குக் கொடுக்கும்போது “பாலிஷ் வேண்டாம்” என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சங்கிலிகள் ஒன்றையொன்று கீறும், ஒவ்வொன்றையும் தனித்தனித் துணிப்பையில் வையுங்கள். எடை, நீளம், முத்திரையின் நெருக்கப் புகைப்படம், ரசீது ஆகியவை வாங்கிய அன்றே ஒரு நோட்டில் ஏற வேண்டும்.