டயல்பேக் மோடம்: எல்லாரும் கோட்டை விடுற இடம்

பெங்களூர் பீன்யால ஒர்க்ஷாப் மூலையில ஒரு லினக்ஸ் பொட்டி, அல்சூர்ல வீட்டுல இன்னொண்ணு, நடுவுல லேண்ட்லைன் மட்டும்தான். வீட்டுலேர்ந்து மோடம் (கம்ப்யூட்டரை போன் லைன்ல பேச வைக்கற கருவி) மூலமா நாம கூப்பிட்டதும் ஆபீஸ் பொட்டி லாகின் பார்த்துட்டு கட் பண்ணிட்டு, ஏற்கனவே எழுதி வச்ச நம்பருக்குத் திருப்பி அடிக்கும், இதுதான் டயல்பேக். பில்லு ஆபீஸ் தலையில, கண்டவனும் உள்ள வர முடியாதுன்னு நானும் நம்பிட்டு இருந்தேன்.

மொதல்ல நான் மாட்டினது வீட்டுப் பக்க சாட் ஸ்கிரிப்ட்ல, அதாவது மோடம் என்ன சொன்னா என்ன பதில் அனுப்பணும்னு எழுதி வைக்கற லிஸ்ட்ல. அங்க கட் ஆனதும் நம்ம மோடம் 'நோ கேரியர்' (எதிர் மோடத்தோட சிக்னல் போச்சு)னு சொல்லும், அது சொல்லத்தான் வேணும், ஆனா வழக்கமான ஸ்கிரிப்ட்ல அது ஏபார்ட் லிஸ்ட்ல (வந்தா வேலையை நிறுத்துன்னு சொல்ற வார்த்தைகள்ல) இருக்கும், அதனால திரும்பி கால் வர்றதுக்குள்ள ஸ்கிரிப்ட்டே செத்துடும். போன் பாட்டுக்கு அடிச்சிட்டே இருக்கும், அம்மா எடுத்து "யாருடா இது, பேசவே மாட்டேங்கறான்"னு வைப்பாங்க. அந்த இடத்துல கிளியர் ஏபார்ட் போட்டு அதை லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டு, 'ரிங்' வந்தா ஏடிஏ (போனை எடுன்னு மோடத்துக்குச் சொல்ற கமாண்ட்) அனுப்பச் சொல்லணும். டைம்அவுட் சும்மா விட்டா 45 செகண்டுதான், 120 வைங்க.

சர்வர் பக்கம், அதாவது ஆபீஸ் பொட்டியில, எம்கெட்டி (வர்ற காலை எடுத்து லாகின் கேக்கற புரோகிராம்) ஓடுதுன்னா மோடத்துல எஸ்0=1 (ஒரு ரிங்லயே தானா எடுன்னு சொல்ற செட்டிங்) போடாதீங்க, போனை எடுக்கறது எம்கெட்டி வேலை. போட்டா கம்ப்யூட்டர் தொங்கிக் கிடந்தாலும் மோடம் தானா எடுத்துடும்.

பெரிய ஓட்டை வேற. ஆபீஸ் இன்டர்காம் வழியா லைன் போனா அந்த டயல் டோன் மோடத்துக்குப் புரியாது, உடனே எக்ஸ்3ங்கற மோடம் செட்டிங்கைப் போட்டு டோனுக்கே காத்திருக்காம அடிக்க வச்சிடுவோம். ஆனா கூப்பிட்டவன் போனை வைக்காமலே இருந்தா சில எக்ஸ்சேஞ்சுல லைன் உடனே விடாது, மோடம் எடுத்து நம்பரை அடிக்கும், அது எங்கயும் போகாது, அதே ஆளு கேரியர் குடுத்து உள்ள வந்துடுவான்! டோன் கேட்டாத்தான் அடிக்கற எக்ஸ்4 போட்டாலும் அவன் டேப்ல டயல் டோனை ஓட்டி ஏமாத்தலாம். அதனால திருப்பி அடிக்கறதுக்குத் தனி லைன் வைங்க, செலவு ஆகும்தான், அதுக்கு மேல சாப் (பாஸ்வேர்டை அப்படியே லைன்ல அனுப்பாம சரிபார்க்கற முறை) பாஸ்வேர்டும் கேளுங்க. திருப்பி அடிக்க வேண்டிய நம்பரை கூப்பிடறவன்கிட்டயே கேக்கற மாதிரி வச்சவங்களையும் பார்த்திருக்கேன், என்னத்தச் சொல்ல.

எஸ்பி ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல மலிவா கிடைச்சாலும், உள்ள சொருகற வின்மோடம் (பாதி வேலையை விண்டோஸ் டிரைவர் தலையில கட்டற மோடம்) வாங்காதீங்க, டிரைவர் தேடியே நாள் போயிடும், சீரியல் போர்ட்ல மாட்டற வெளி மோடம் வாங்குங்க. டப்பால 56கேன்னு இருக்கும், ரெண்டு பக்கமும் சாதா லைன்னா 33.6கே தான் வரும், அதுக்காக கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, நான் போயிட்டு அசடு வழிஞ்சேன்.